படிவத்தில் இடமில்லாத செலவு

குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. கரையில் புத்தம் புதிய பம்பு நின்றது. இருநூறு அடி தள்ளி ஒரு தானியக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. பம்பின் இயந்திரம் உறுமியது, ஆனால் குழாயின் முனையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆறு பேர் அதைச் சுற்றி நின்று ஒவ்வொரு விசையாகத் திருகிப் பார்த்தார்கள். இருபது நிமிடங்களுக்கு மேல் கடந்த பிறகு, அவர்களில் ஒருவர் உறிஞ்சு குழாயின் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ரப்பர் வாஷர் மடங்கிக் கிடந்தது. அந்த இடைவெளி வழியாகப் பம்பு காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. வாஷரைச் சரியாகப் பொருத்தி, தண்ணீர் பாய்ந்தபோது கொட்டகையின் கூரை உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

அந்தப் பம்புக்கு நிதி வாங்கித் தந்தவன் நான். கிராமப்புறத் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களுக்காக விண்ணப்பங்கள் எழுதுவதும், கிடைத்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதும் அப்போது என் வேலை. பம்பை ஒப்படைத்த நாளில் எடுத்த புகைப்படம் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கியது. கொட்டகை எரிந்தபோது பம்பைச் சுற்றி நின்ற அதே ஆறு பேர்தான் அந்தப் படத்திலும் இருந்தார்கள். என் விண்ணப்பத்தில் பயிற்சிக்கென்று நான் கேட்டிருந்தது அரை நாள். விற்பனையாளரின் ஆள் வந்து இயக்கிக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது. வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் உயரம் வரை அது ஏற்றும். நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டரைத் தாண்டினாலே திணறும். நாணயத்தின் விளிம்பளவு கசிவு இருந்தால் அதுவும் நடக்காது. இதை ஒருவருக்குப் புரியவைக்க இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். கைக்குப் பழக்கமாக்க இன்னும் பத்து மாலைகள் வேண்டும்.

நகரத்துத் தீயணைப்பாளருக்குத் தெருவிலேயே குழாய் இருக்கிறது, திறந்தால் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறது. கிராமத்தில் குளம், கிணறு, ஓடை என்று தண்ணீரைத் தேடிப் போக வேண்டும். சேற்றில் வடிகட்டி அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். டேங்கர் வண்டியில் கொண்டுவருவதானால் அது தனிக் கலை. நாலாயிரம் லிட்டர் என்பது நான்கு டன் எடை. பாதி நிறைந்த தொட்டியில் அந்த எடை வளைவில் பக்கவாட்டில் சாயும், வண்டியையும் சாய்த்துவிடும். வயல் தீ, டிராக்டர் கவிழ்தல், தானியக் குதிருக்குள் புதைதல், கிணற்றில் விழுதல் என எல்லாவற்றுக்கும் அதே ஆறு பேர்தான் போகிறார்கள். நகரத்தில் முழுநேரச் சம்பளக்காரர்கள் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துக்கொள்ளும் வேலை, இங்கே பகலில் வயலிலும் கடையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள் தலையில் விழுகிறது. அதிகம் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத்தான் மிகக் குறைந்த பயிற்சி கிடைக்கிறது.

கொட்டகை எரிந்த மறுவாரம், அந்தக் குழுவின் தலைவரைப் பார்க்கப் போனேன். அறுபதைத் தாண்டியவர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நீங்கள் பயிற்சி நடத்தினால் பையன்கள் வர மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வருவார்கள். ஆனால் அன்றைய கூலி போய்விடும். தீப்பிடித்தால் யாரும் கூலியை நினைக்க மாட்டார்கள், போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். தீயில்லாத நாளில் எப்படி ஓடிவருவது?"

அலுவலகத்துக்குத் திரும்பி நிதிப் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருவிகள், வாகனம், கட்டடம், பயிற்றுநர் கட்டணம், பாடநூல், சான்றிதழ் அச்சிடுதல் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பயிற்சிக்கு வருபவர் இழக்கும் ஒரு நாளுக்கு மட்டும் இடமில்லை. பல ஆண்டுகளாக அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை.

அதன்பின் செலவை உட்கார்ந்து கணக்கிட்டோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடிப்படைத் தீயணைப்புச் சான்றிதழுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தேவை. எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் பன்னிரண்டு நாட்களுக்கு மேல். கூலிக்காரருக்கு அது அரை மாத வருமானம். பயிற்சி மையம் தொலைவில் இருந்தால் பயணமும் தங்குமிடமும் சேரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூச்சுக்கருவிப் பயிற்சி என்றால் ஒவ்வொருவரின் முகத்துக்கும் முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும், சிலிண்டர்களைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். குழு முழுவதும் பயிற்சிக்குப் போய்விட்டால் அந்த நாளில் ஊரைக் காக்கப் பக்கத்து ஊர்க் குழுவை நிறுத்த வேண்டும். பயிற்றுநரின் கட்டணம் இவை எல்லாவற்றிலும் சிறிய தொகையாக வந்து நின்றது. நாங்கள் இத்தனை காலம் அதை மட்டுமே "பயிற்சிச் செலவு" என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். ஜெர்மனியில் மாநிலச் சட்டங்களே இதற்கு வழி செய்திருக்கின்றன. தன்னார்வத் தீயணைப்பாளர் வேலை நேரத்தில் தீயணைக்கவோ பயிற்சிக்கோ போனால் முதலாளி சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தனியார் முதலாளி கேட்டால் அந்தத் தொகையை உள்ளாட்சி திருப்பித் தரும். அமெரிக்க வனத்துறை வழியாக நடக்கும் தன்னார்வத் தீயணைப்பு உதவித் திட்டம் 10,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கானது. பாதிப் பங்கை ஊர் தர வேண்டும், ஆனால் அதை உழைப்பாகவும் கொடுக்கலாம். அதாவது, தன்னார்வலரின் மணிநேரத்துக்குப் பண மதிப்பு உண்டு என்று அரசே ஒப்புக்கொள்கிறது. நியூசிலாந்தில் 2017-ல் நகர, கிராமத் தீயணைப்பு அமைப்புகளை ஒன்றாக்கியபோது, காப்பீட்டுடன் சேர்த்து வசூலிக்கும் தீர்வையையே முதன்மை வருவாயாக வைத்தார்கள். ஆண்டுதோறும் வரும் பணம் அது. பயிற்சிக்கு அப்படிப்பட்ட பணம்தான் தேவை. ஒருமுறை கிடைக்கும் மானியத்தில் வண்டி வாங்கலாம். பயிற்சியை ஒருமுறை வாங்கி வைக்க முடியாது, அது மறந்துபோகும்.

எங்களுக்கு அப்படிப்பட்ட சட்டமும் இல்லை, தீர்வையும் இல்லை. ஆகவே இருக்கும் பணத்தைப் பயிற்சியின் பக்கம் திருப்பினோம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் வாகனம் கேட்கவில்லை. ஊர்களுக்கே பயிற்சியைக் கொண்டுபோகும் ஒரு டிரெய்லர், மாலை நேரப் பயிற்றுநர்கள் இருவர், வருபவர்களுக்கு அன்றன்றைய ஈட்டுத்தொகை என்று எழுதினோம். நிதி வழங்கும் அலுவலகம் திருப்பி அனுப்பியது. "தன்னார்வலருக்குப் பணம் கொடுத்தால் அவர் எப்படித் தன்னார்வலர்?" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. கூலியை இழந்து பயிற்சிக்கு வருபவரிடம் அந்த இழப்பில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது சம்பளம் ஆகிவிடுமா? அவர் தருவது உயிரை. அதற்கு யாரும் விலை கேட்கவில்லை.

மூன்று முறை எழுதினோம். மூன்றாவது முறை லின்டன் தீயைப் பற்றி விரிவாகச் சேர்த்தேன். 1998 டிசம்பர் 2-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லின்டன் என்ற ஊருக்கு அருகே காட்டுத்தீ. தண்ணீர் நிரப்பிக்கொள்ளத் திரும்பிக்கொண்டிருந்த டேங்கர் ஒன்றில் ஐந்து தன்னார்வலர்கள் இருந்தார்கள். காற்று திசை மாறியது. அதுவரை பக்கவாட்டில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த தீவிளிம்பு, முழு அகலத்துக்கும் முன்னணித் தீயாக மாறி அவர்கள் மேல் பாய்ந்தது. ஐவரும் இறந்தார்கள். காற்று மாறினால் பக்கவாட்டுத் தீதான் கொல்லும் என்பதும், தொட்டியில் எப்போதும் தற்காப்புக்கென்று தண்ணீர் மிச்சம் வைக்க வேண்டும் என்பதும் இன்று காட்டுத்தீப் பயிற்சியின் முதல் பாடங்கள். 2002-ல் மரண விசாரணை அறிக்கை வந்தது. தீமுனைக்குப் போகும் ஒவ்வொரு தன்னார்வலரும் குறைந்தபட்சப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே வேர்விட்டதற்கு அந்த ஐந்து உயிர்களே காரணம். பயிற்சிக்கான பணத்தை முன்னாலேயே கொடுங்கள் என்று மட்டும் கேட்டு அந்தப் பத்தியை முடித்தேன். பாதித் தொகை கிடைத்தது.

அந்தப் பாதியை வைத்துத் தொடங்கியபோது இன்னொரு ஆபத்தைக் கவனித்தேன். பணம் குறைந்தால் பயிற்சியை மலிவாக நடத்தும் ஆசை வரும். பாழடைந்த வீடு ஒன்று கிடைத்தது, அதைக் கொளுத்தி உள்ளே அனுப்பிப் பழக்கலாம் என்று ஒரு குழு உற்சாகமாகக் கேட்டது. நான் மறுத்தேன். 2001 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் கைவிடப்பட்ட வீட்டில் அப்படித்தான் பயிற்சி நடத்தினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த 19 வயதுத் தன்னார்வலரை, மீட்கப்பட வேண்டியவராக மாடியில் படுக்கவைத்தார்கள். தீ கை மீறியது, அவர் இறந்தார். நேரடித் தீப் பயிற்சிக்கான 1403 என்ற அமெரிக்கத் தரநிலை 1986 முதலே இருந்தது. அதைப் பின்பற்றத் தகுதியுள்ள பயிற்றுநரும், தீ கை மீறினால் பாய்ச்சத் தயாராக நிற்கும் காவல் குழாயும் வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். அந்தக் குழுவிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் வாடியது. நெருப்பைக் காட்டாமல் என்ன தீயணைப்புப் பயிற்சி என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் ஆண்டு தண்ணீரை மட்டும் கற்போம் என்றேன்.

அந்த ஆண்டில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றிய மாலையில் தீயும் இல்லை, தண்ணீரும் இல்லை. சாணக்குழிகள், கழிவுத் தொட்டிகள், பாழுங்கிணறுகள் பற்றிய வகுப்பு அது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், மூடிய இடங்களில் நேரும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று 1986-லேயே எச்சரித்தது. ஒருவர் மயங்கி விழ, அண்ணன் இறங்க, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் இறங்க, வரிசையாக எல்லோரும் சரிவார்கள். பயிற்றுநர் கேட்டார்: "உள்ளே கிடப்பது உங்கள் தம்பி. என்ன செய்வீர்கள்?" அறையில் யாரும் பேசவில்லை. காற்றைச் சோதிக்கும் கருவியும் மூச்சுக்கருவியும் இல்லாமல் இறங்காமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். அதைச் சான்றிதழில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நிதி தருபவர்களோ சான்றிதழ்களைத்தான் எண்ணுகிறார்கள். இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இத்தனை தாள். நான் அவர்களுக்கு வேறு ஓர் எண்ணை அனுப்பத் தொடங்கினேன். வண்டி நின்றதிலிருந்து குளத்துத் தண்ணீர் குழாய் முனைக்கு வர எத்தனை நிமிடம் என்பதுதான் அது. குழு வாரியாக, மாத வாரியாக அனுப்பினேன்.

ஈட்டுத்தொகை முழுமையாகத் தர முடியவில்லை. அதில் எனக்கு உறுத்தல் உண்டு. ஒரு சில முதலாளிகளிடம் நேரில் பேசி, மாதம் ஒரு பிற்பகலைச் சம்பளத்தோடு விடுமாறு கேட்டோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் வேலை பார்க்கும் இருவர் குழுவை விட்டே விலகினார்கள். அமெரிக்காவில் 1984-ல் கிட்டத்தட்ட ஒன்பது லட்சமாக இருந்த தன்னார்வத் தீயணைப்பாளர்கள் 2020-ல் ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள் என்று படிக்கும்போது, எனக்கு அந்த இருவரின் முகங்கள்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அக்கறை குறையவில்லை. மாதத்தில் ஒரு பிற்பகலை அவர்களால் வாங்க முடியவில்லை.

கடந்த முறை அதே குளக்கரைக்குப் போனேன். அதே பம்பு, வண்ணம் சற்று உரிந்திருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் இளம்பெண் உறிஞ்சு குழாயை இணைக்கும் முன் விரலை உள்ளே விட்டு வாஷரைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். நான்கு நிமிடத்துக்குள் தண்ணீர் வந்தது. தலைவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் டிரெய்லர் வருமா என்று கேட்டார். விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு, குழாயைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து மாட்டச் சொன்னார்.