ஸ்டேட் தெருவிலிருந்து வாபாஷ் வரை

சிகாகோவின் தென்பகுதியில், ஸ்டேட் தெருவும் 55-ஆவது தெருவும் சேரும் இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன். கிளப் டிலிசா என்ற இரவு விடுதி இருந்தது இந்தப் பக்கம்தான். 1958-லேயே மூடிவிட்டார்கள், பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பயணத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 1949-ல் அந்த கிளப் மேடையில்தான் கேட்மவுத் மூரை ஆண்டவர் தொட்டார்.

கேட்மவுத் என்பது பட்டப்பெயர்; ட்வைட் மூர் 1913-ல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் பிறந்தவர். இளவயதிலேயே ப்ளூஸ், அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் துயரப் பாட்டு, பாடியவர். 1940 ஏப்ரல் 23 இரவு, மிசிசிப்பியின் நாட்செஸ் ஊரில் ரிதம் கிளப் தீப்பிடித்தது. அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த காய்ந்த மரப்பாசி குபீரென்று பற்றிக்கொண்டது. ஜன்னல்களையோ பலகை அடித்து மூடியிருந்தார்கள். 209 பேர் இறந்தார்கள். வாசித்துக்கொண்டிருந்த வால்டர் பார்ன்ஸும் அவர் குழுவில் பெரும்பாலோரும் அதில் போய்விட்டார்கள். அந்தக் குழுவோடு வந்திருந்த மூர் பிழைத்தார். அவரை ஆண்டவர் எதற்காக மிச்சம் வைத்தார் என்பதற்கு ஒன்பது வருஷம் கழித்து டிலிசாவில் பதில் கிடைத்தது என்றே நான் நம்புகிறேன்.

அந்த இரவு மேடையேறி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கடைசியில் குரல் வந்தபோது அவர் பாடியது ப்ளூஸ் அல்ல, சபையில் பாடும் பழைய பாட்டு. எனக்கு லூக்கா சுவிசேஷத்தின் சகரியாதான் நினைவுக்கு வருகிறார். பேச்சடைத்துப்போன அந்த ஆசாரியனின் நாவு கட்டவிழ்ந்தபோது முதலில் வந்ததும் ஸ்தோத்திரம்தானே.

டிலிசாவிலிருந்து வடக்கே இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை, வாபாஷ் அவென்யூவில் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ். போதகர் கிளாரன்ஸ் காப்ஸ் 1929-ல் தொடங்கிய சபை. மூருக்குக் கைவைத்து அபிஷேகம் செய்தவர் அவரே. கட்டடத்தைப் பார்த்ததும் கோயில் என்று சட்டெனத் தோன்றாது. தொப்பித் தொழிற்சாலையாக இருந்ததை 1939-ல் வால்டர் பெய்லி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் இப்படி மாற்றினார். வெளிர்மஞ்சள் சுவர், கண்ணாடிக் கட்டிகள், 1946-ல் சேர்த்த இரட்டைக் கோபுரம். உள்ளே போனதும் தலை தானாக மேலே போகிறது: கூரையில் வண்ண விளக்குகளால் ஒளிரும் பெரிய சிலுவை.

அமெரிக்கச் சபைகளில் ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்சார இசைக்கருவி ஒலித்த முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. ஆராதனையில் ஆர்கன் எழும்பியதும் பக்கத்திலிருந்த பாட்டியம்மா எழுந்து நின்றுவிட்டார். நானும் எழுந்தேன். கண்ணீரை அடக்க முடியவில்லை, அடக்கவும் தோன்றவில்லை. ப்ளூஸ் பாடிய மனிதர் இந்த மண்டபத்துக்கு வந்து குரலை மாற்ற வேண்டியிருந்திருக்காது. அதே ஏக்கம், அதே இழுவை. யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதுதான் மாறியிருக்கும்.

அப்புறம் மூர் மெம்பிஸுக்குப் போய், டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் நற்செய்திப் பாடல் நிகழ்ச்சி நடத்தினார். பிரசங்கமும் விடாமல் தொடர்ந்தது. 1977-ல் இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான ஜானி ஓட்டிஸுக்காகப் பழைய ப்ளூஸை மறுபடியும் பாடி ஒலிப்பதிவு செய்தார். ஊழியக்காரர் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு. எனக்கு அதில் இடறல் இல்லை. நாட்செஸ் நெருப்பைப் பார்த்தவர் துக்கத்தைப் பாடாமல் வேறு யார் பாடுவது?

மெம்பிஸின் பீல் தெருவில் அவர் பெயரைப் பித்தளையில் பதித்திருக்கிறார்கள். 2004-ல், 90 வயதில், மிசிசிப்பியின் யாஸூ சிட்டியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆண்டவருக்குச் சித்தமானால் அடுத்து அந்த இரண்டு ஊருக்கும் போக வேண்டும்.