பல்லடம் நூற்பாலையில் ஏழு மாத ஆலோசனைப் பணி

பல்லடம் பகுதியிலுள்ள ஒரு நூற்பாலையின் மின்செலவைக் குறைத்துத் தரும் பணி எனக்கு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. முதல் சந்திப்பிலேயே முதலாளி, "மாசம் எத்தனை குறையும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பாக்கலாமுங்க" என்றார். அளந்து பார்க்காமல் சொல்லும் எந்த எண்ணும் பின்னாளில் வாக்குறுதியாக நின்றுவிடும் என்பதால், இரண்டு வாரம் அளவெடுத்த பிறகே சொல்வேன் என்று விளக்கினேன். அவரும் ஏற்றுக்கொண்டார்.

நான்கு பக்க முன்மொழிவில், இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் ஏர் கம்ப்ரசர்களும், ஆலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியுமிடிஃபிகேஷன் பிளாண்டும் மட்டுமே பணியின் எல்லை என்றும், கூரைச் சூரிய மின்சாரம் அதில் சேராது என்றும் எழுதினேன். கட்டணத்தில் 30 சதவீதம் முன்பணம், 30 சதவீதம் அறிக்கை கொடுத்ததும், மீதி 40 சதவீதம் சேமிப்பு கணக்கில் தெரிந்த பிறகு என்று பிரித்தேன். 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதையும், பில் கொடுத்த 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தேன். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தத்திலும் இதைவிட நீண்ட தவணையை 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆலையின் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் முதல் வாரம் என்னிடம் அதிகம் பேசவில்லை. இருபது ஆண்டுகளாகத் தாம் பராமரித்த இயந்திரங்களில் குறை கண்டுபிடிக்க ஒருவன் வந்திருக்கிறான் என்று அவர் நினைத்தது இயல்பே. மீட்டர் அளவுகளை அவரையே எழுதச் சொன்னேன். அறிக்கையின் வரைவையும் முதலாளிக்கு முன்பாக அவரிடம் காட்டித் திருத்தம் கேட்டேன். ஒரு திட்டம் ஆலோசகர் போன பிறகும் நிலைக்குமா என்பதை இவர்களைப் போன்றவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கம்ப்ரசர் அனுப்பும் காற்று குழாய்களில் எத்தனை கசிகிறது என்பதை அளக்க ஆலை முழுதும் நின்றிருக்க வேண்டும். அதற்கு ஆயுத பூஜை விடுமுறை வாய்த்தது. இயந்திரங்கள் அனைத்தும் நின்றிருக்க, ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, அது லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடும் நேரத்தையும் அன்லோடில் (காற்றை அழுத்தாமல் சும்மா) ஓடும் நேரத்தையும் குறித்தோம். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால், அந்தக் கம்ப்ரசரின் திறனில் எத்தனை பங்கு கசிவுக்கே போகிறது என்பது தெரிந்துவிடும். யாருமே நூல் ஓட்டாத அந்த நாளில் 40 சதவீதம் கசிந்துகொண்டிருந்தது. ஹோஸ் இணைப்புகளையும் வால்வுகளையும் ஃபிட்டர்கள் ஒரு மாதத்தில் மாற்றி முடித்த பின் அது 15 சதவீதத்துக்கு இறங்கியது. அதன் பிறகே நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில், காற்றால் நூல் முனைகளை இணைக்கும் ஸ்பிளைஸின் தரத்தைப் பார்த்துப் பார்த்து, காற்றழுத்தத்தைப் படிப்படியாக 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) வீதம் குறைத்தோம். ஒரு பார் குறைந்தால் கம்ப்ரசர் மின்சாரம் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் மிச்சமாகும்.

டிசம்பரில்தான் சிக்கல் வந்தது. ஆலையில் நூல் நூற்கும் ஸ்பின்டில்களில் ஒரு பகுதியை 40ஆம் கவுண்டிலிருந்து 60ஆம் கவுண்டுக்கு மாற்றியிருந்தார்கள். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். மெல்லிய நூலுக்கு ஒரு கிலோவுக்கு ஆகும் மின்சாரம் அதிகம். எங்கள் ஒப்பந்தத்திலோ ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற யூகேஜி அளவை மட்டும் எழுதியிருந்தேன், அது 4.10இலிருந்து 4.90 ஆகியிருந்தது. "யூனிட் கூடியிருக்குதுங்களே, நீங்க குறைச்சது எங்கீங்க?" என்று முதலாளி கேட்டபோது, அவர் கையிலிருந்த தாளின்படி அக்கேள்வி நியாயமானது. எந்தக் கவுண்டில் ஓடினாலும் உற்பத்தியை 40ஆம் கவுண்டுக்குச் சமமான அளவாக மாற்றிக் கணக்கிடுவது, கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா உட்பட இத்துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. அதை ஒப்பந்தத்தில் எழுதாதது என் தவறு என்று ஒப்புக்கொண்டேன்.

கணக்காளரும் நானும் கவுண்ட்வாரியான உற்பத்திப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, பணிக்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒரே முறையில் கணக்கிட்டோம். ஹியுமிடிஃபிகேஷன் விசிறிகளின் வேகத்தை இன்வெர்ட்டரால் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) குறைத்ததில் வந்த சேமிப்பைக் கட்டணக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நானே சொன்னேன். குளிர்மாதங்களில் அவற்றுக்கு வேலை இயல்பாகவே குறைவு. அதைக் கழித்த பிறகும் 40ஆம் கவுண்டுக்கான அளவு 3.96ஆக நின்றது. கணக்கிடும் முறையை ஒரு துணைக் கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். இப்போது என் முன்மொழிவுகளில் கட்டணத்துக்கு முன்பாகவே இந்தப் பத்தி வந்துவிடுகிறது.

கடைசித் தவணை பில் கொடுத்த 38ஆம் நாள் வரவானது. கசிவுச் சோதனையை மாதந்தோறும் அமாவாசை விடுமுறையன்று சூப்பர்வைசர் தாமே செய்கிறார். சென்ற முறை 14 சதவீதம் என்று அளவுகளை எனக்கு அனுப்பியிருந்தார்.