கணப்படுப்புக்கு வெள்ளையடித்த தை மாதம்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் நாங்கள் வாங்கியது 1960களில் கட்டப்பட்ட ஒற்றைத்தட்டு வீடு. வரவேற்பறையின் ஒரு சுவர் முழுவதையும், தரையிலிருந்து கூரை வரை, குளிர்காய விறகு எரிக்கும் கருஞ்சிவப்புச் செங்கல் கணப்படுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டாலும் அந்தப் பக்கம் இருட்டாகவே கிடக்கும். வந்து பார்த்த உறவினர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இதை மறைத்துவிடுங்கள், வீடு புதிதாகிவிடும்.

முதல் பனிக்காலத்திலேயே அது வேறு முகத்தையும் காட்டியது. புகைபோக்கியின் உள்ளே இருக்கும் இரும்பு மூடி துருவேறிச் சரியாக மூடாமல் இருந்ததால், வெளியே உறைகுளிர் அடிக்கும்போதெல்லாம் அடுப்பின் வாய் வழியாகக் குளிர்காற்று இறங்கி வந்தது. அம்மா சோபாவை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னார். போதாததற்கு, விறகு எரிக்கும் அடுப்பு இருக்கிறதென்றால் ‘வெட்’ (WETT) எனப்படும் விறகடுப்புப் பரிசோதனைச் சான்று பெற்ற ஒருவரின் அறிக்கை வேண்டும் என்று காப்புறுதிக்காரர்கள் கேட்டார்கள்.

வந்த பரிசோதகர் தலையை உள்ளே நுழைத்து, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் சுரண்டி எனக்குக் காட்டினார்: வீதிக்குப் போடும் தார் போல மினுங்கும் கறுப்புப் படிவு. ஈர விறகை எரித்தால் புகை குளிர்ந்து இப்படிப் படியுமாம். ஒருநாள் அதுவே தீப்பற்றிப் புகைபோக்கியையே எரித்துவிடலாம். கூட்டித் துப்புரவாக்கி, மூடியை மாற்றும்வரை நெருப்பு மூட்டக் கூடாது என்றார். கார்பன் மோனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகே இருக்கிறதா என்றும் பார்த்தார். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2014 முதல் அது சட்டம். இந்த வேலைகளுக்குப் போன பணத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைக்கவில்லை. அழகு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புகைபோக்கியைப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்பேன்.

அதன் பிறகுதான் செங்கல்லின் முறை. விலை சொல்ல வந்த ஒருவர், எல்லாவற்றையும் பலகையால் மூடி, அடுப்பு வாய்க்குச் சற்று மேலே தடித்த மரத்தட்டு ஒன்றைப் பொருத்தலாம் என்றார். வாயின் மேல்விளிம்புக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கும் இடையில் குறைந்தது 300 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி. அவர் காட்டிய இடம் அதில் பாதிகூட வராது. இன்னொருவர் சாதாரண பெயின்ற் அடிக்கலாம் என்றார். பெயின்ற் செங்கல்லின் மேல் தோலாகப் படிந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பிடிக்காவிட்டால் உரித்தெடுப்பதும் பெரும்பாடு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நல்ல கல்லை ஏன் பிள்ளை மூட வேண்டும்? சுண்ணாம்பு அடித்துவிடலாமே” என்றார்.

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். வாளியில் சுண்ணாம்பு கொதிக்கும். கொஞ்சம் நீலம் கலந்து, தும்புத் தூரிகையால் அப்பா மதிலிலிருந்து தொடங்குவார். தேடிப் பார்த்தால், இந்த நாட்டில் பழைய செங்கல்லைப் புதுப்பிக்கிறவர்களும் இன்று அதையே விரும்பிச் செய்கிறார்கள். கட்டடப் பொருட்கள் விற்கும் கடையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் மூட்டையாகவே கிடைத்தது.

செங்கல்லை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, சவர்க்கார நீரால் கழுவி, அடிப்பதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்தோம். காய்ந்த கல் சுண்ணாம்பின் நீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும். பிறகு அது தூளாக உதிரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டோம், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். பால் பதத்தில் கரைத்து அடித்த முதல் பூச்சு கண்ணுக்கே தெரியவில்லை. கல் நனைந்த நிறத்திலேயே நின்றது. நான் சோர்ந்துவிட்டேன். “பொறு, காயட்டும்” என்றார் அம்மா. விடிந்ததும் பார்த்தால் சுவர் வெளுத்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரின் அடியில் கிடக்கும் அதே சுண்ணாம்புக்கல்.

அடுப்பு வாய்க்கு மேலே மட்டும் மஞ்சள் கறை ஊறி வந்தது. பல ஆண்டுப் புகை. நாங்கள் போதுமான அளவு கழுவவில்லை. கறை ஊறிய நான்கு வரிசைச் செங்கல்லையும் மறுபடி தேய்த்துக் கழுவி அடித்தோம். மூன்றாம் பூச்சு பாதி காய்ந்தபோது ஈரத்துணியால் ஆங்காங்கே ஒற்றியெடுத்தேன்; வெண்மைக்குள்ளிருந்து செங்கல்லின் சிவப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. நெருப்பு எரியும் உட்புறத்தை நாங்கள் தொடவில்லை.

இப்போது பிற்பகல் வெயில் யன்னலால் வந்து அந்தச் சுவரில் பட்டு, அறை முழுவதும் பரவுகிறது. அம்மாவின் சோபா பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மிஞ்சிய சுண்ணாம்பை நான் எறியப் போனபோது அவர் வாளியை வாங்கி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, இறுக மூடி, நிலவறையில் படிக்கட்டின் கீழ் வைத்துவிட்டார். “கெட்டுப்போகாது. அடுத்த தைக்கு வேண்டும்” என்றார்.