விளக்கெண்ணெய் காட்டிய வேலை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் பழி போட்டது அவருடைய தும்மலின் மேல். கத்தரிக்காய் தின்றால் அரிப்பு, தூசி பட்டால் தும்மல், அப்படி ஓர் உடம்பு. “அலர்ஜியை அப்பவே கவனிச்சிருக்கணும்” என்றார் பெரியம்மா.

சேலத்தில் டாக்டரிடம் இதையே கேட்டேன். அலர்ஜி முற்றிப் புற்றுநோய் ஆவதில்லை என்றார். க்ளியோமா என்கிற மூளைக் கட்டி அலர்ஜிக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவாக வருவதாகக்கூடச் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். அதற்காக அதைக் கவசம் என்று நினைக்க வேண்டாம் என்றார். அப்புறம் எந்த மாத்திரை, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அது எதற்கென்று பாக்லிடாக்சல் என்கிற கீமோ மருந்து ஏற்றிய முதல் நாள் புரிந்தது. வாரம் ஒன்றாக 12 வாரம். ஏத்தாப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் போனோம். அலர்ஜி வராமல் தடுக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோனும் ஏவிலும் போட்டு உட்கார வைத்தார்கள். டிரிப் இறங்க ஆரம்பித்தும் சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தாலிக்கயிறு கிடந்த இடத்தில் சிவந்தது. பிறகு கன்னம், காது மடல்.

“ஒண்ணுமில்ல கண்ணு, இடுப்புதான் பிடிச்சுக்கிச்சு” என்றார் அம்மா. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நானும் நினைத்தேன். சிஸ்டர் சட்டென்று டிரிப்பை நிறுத்திவிட்டார். இந்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இடுப்பு வலியும் வருமாம்.

ஊசி போட்டதும் சிவப்பு இறங்கியது. பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது, விளக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில்தான் வருகிறது, பெரும்பாலும் அதுதான் வேலையைக் காட்டும் என்றார் டாக்டர். அது இல்லாத, அல்புமின் என்கிற புரதத்தில் கட்டிய வகையும் இருக்கிறது, விலைதான் அதிகம்.

“நம்ம காட்டுக் கொட்டமுத்தா?” என்றார் அம்மா. எங்கள் ஊரில் ஆமணக்குக்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அவர் கேட்டதில் தப்பில்லை.

முழுக்க அடங்கிய பிறகு, அன்றைக்கே மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. விலை கூடியது தேவைப்படவில்லை. மற்ற 11 வாரமும் சிஸ்டர் வாய் திறக்கும் முன்பே அம்மா சொல்லிவிடுவார்: “இடுப்பு வலிக்கல சாமி, ஏத்து.”