மகளின் மாறுகண்ணைப் பிரிசம் வைத்து அளந்தபோது

வெயிலில் நடந்தால் என் மகள் இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். வெயில் கூசுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் இங்கே சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இடது கருவிழி மெதுவாக வெளிப்பக்கம் ஒதுங்கியது, கூப்பிட்டதும் சட்டென்று நேராகிவிட்டது. அத்தையிடம் சொன்னேன். "மாறுகண் அதிர்ஷ்டம்மா, விடு" என்றார். எனக்கு விட மனம் வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் விலகல் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வகை மாறுகண் அப்படித்தான் ஏமாற்றும். கவனமாக இருக்கும் குழந்தை இரண்டு கண்ணையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும், களைத்துப்போனால்தான் பிடி விடும். அதனால் சாயங்காலம் கைப்பேசியில் 20 விநாடி வீடியோ எடுத்து வைத்தேன். பலதுறை மருந்தக மருத்துவர் அதைப் பார்த்ததுமே கடிதம் எழுதிக் கொடுத்தார். (அந்தக் கடிதத்தோடு போனால்தான் அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம், நேராகப் போய்விடாதீர்கள்.)

முதல் தடவை நல்லபடியாக அமையவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்ததில் பிள்ளை சோர்ந்துவிட்டாள், காட்டிய படத்தைப் பார்க்காமல் அளப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆர்த்தாப்டிஸ்ட் (மாறுகண்ணை அளப்பவர்) தூரப் பார்வைக்கு விலகல் 20 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அளந்து முடித்த பிறகுதான் சொட்டு மருந்து விட்டார்கள், அது குவியப்படுத்தும் சக்தியையே கொஞ்ச நேரம் நிறுத்திவிடும் என்பதால் முன்னால் விடக் கூடாதாம். சோதனையில் கிட்டப்பார்வை மைனஸ் 1.25 என்று தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுப் பழகிய பிறகு திரும்ப வரச் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து, காலை முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போனேன். இந்தத் தடவைதான் என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரிந்தது. ஏதோ இயந்திரத்தில் தலையை வைத்தால் எண் வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை, ஒரு கண்மறைப்பான், ஏணி மாதிரி வரிசையாகப் பிரிசங்கள் (ஒளியை விலக்கும் ஆப்பு வடிவத் துண்டுகள்) பதித்த ஒரு பட்டை, அளப்பவரின் கண், அவ்வளவுதான். 6 மீட்டர் தள்ளி ஒரு சின்னப் படம். மறைப்பான் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் மாறி மாறிப் போகிறது, திறக்கிற கண் வெளியிலிருந்து உள்ளே ஓடி வருகிறது. இப்போது பிரிசத்தின் தடித்த பக்கம் மூக்கை நோக்கி இருக்கும்படி கண்ணுக்கு முன்னால் பிடிக்கிறார். பிரிசம் படத்தைத் தன் கூரான பக்கமாகத் தள்ளிக் காட்டும். கண் விலகி நிற்கிற இடத்துக்கே படம் போய்விட்டால் கண் அசையவே வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போய், அசைவு நின்று, அதற்கும் மேலே போனால் எதிர்த்திசையில் அசைகிறதா என்றும் பார்த்துத் திரும்பி வந்து, 30 என்று எழுதினார். ஒளியை 1 மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் விலக்குவதுதான் 1 பிரிசம் டயாப்டர், அந்தக் கணக்கில் 30.

ஜன்னலுக்கு வெளியே தூரத்து அடுக்குமாடியைப் பார்க்கச் சொன்னபோது 35. ஆனால் 33 சென்டிமீட்டரில், கைக்கெட்டும் தூரத்தில், வெறும் 16! எனக்குக் குழப்பமாகிவிட்டது. அதற்காகத்தான் ஒரு கண்ணை 45 நிமிடம் ஒட்டி மூடினார்கள், ஒட்டை எடுக்கும்போதுகூட ஒரு கணம் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கக் கூடாது என்று கையால் மறைத்தபடியே எடுத்தார். மறுபடி கிட்டத்தில் அளந்தால் 28. கண்கள் பழக்கத்தில் சேர்த்துப் பிடித்திருந்ததை ஒட்டு தளர்த்திவிட்டது. அப்புறம் பிளஸ் 3 லென்ஸ் வைத்து இன்னொரு முறை. 33 சென்டிமீட்டரில் படிக்கக் கண்ணுக்கு 3 டயாப்டர் குவியம் வேண்டும் (இது லென்ஸ் சக்தியின் அளவு, பிரிசம் டயாப்டர் வேறு), அந்த வேலையை லென்ஸே செய்துவிட்டால் குவியத்தோடு சேர்ந்து வரும் உள்ளிழுப்பும் குறையும். அப்படியும் 30தான், பெரிய மாற்றமில்லை. ஆக கிட்டத்தில் குறைத்துக் காட்டியது குவியம் இல்லை, அந்தப் பிடிப்புதான்.

இத்தனை பொறுமை எதற்கு என்று டாக்டர் சொன்னபோதுதான் விளங்கியது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கத் தசையை எவ்வளவு பின்னால் நகர்த்தித் தைப்பது என்பதை இந்த எண்தான் சொல்லும், 30 என்றால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், 20 என்றால் 5. முதல் நாள் அந்தக் கேள்விக்குறியைப் போட்டவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பிள்ளை களைத்திருந்தால் நீங்களும் தயங்காமல் இன்னொரு நாள் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், பிடி இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். தேவைக்கு மேல் மைனஸ் கொடுத்துக் கண்ணை உள்ளே இழுக்கும் வழியும் உண்டாம், ஆனால் கிட்டப்பார்வை கூடிவிடும் என்பதால் இவளுக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார். நான்கு மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை கண் விலகுகிறது, வெயிலில் எத்தனை முறை மூடுகிறாள் என்று நாட்காட்டியில் குறித்து வருகிறேன், வரும்போது அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.