மழைநீரின் பி.எச். அளக்கும்போது

பி.எச். என்பது நீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் அதிகம். மொட்டைமாடிக் குழாயில் பிடித்த தண்ணீரை வைத்து அமில மழையைக் கண்டுபிடிக்க முடியாது. சிமெண்ட் தளத்தில் ஓடிவரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். மழையில் இருந்த அமிலம் வழியிலேயே தீர்ந்துவிடும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பரிசோதனைக்கு வரும் பாட்டில்கள் பலவற்றில் இதுதான் கோளாறு.

பாலித்தீன் புனலும் பாட்டிலும் போதும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், மரநிழல் இல்லாத இடத்தில் வைத்து, தூறல் விழுந்தபிறகே மூடியைத் திறக்க வேண்டும். பறவை எச்சம் விழுந்தால் அந்த சாம்பிளைக் கொட்டிவிடலாம். பாட்டிலை அமிலத்தில் கழுவியவர்கள் டிஸ்டில்டு வாட்டரில் அலசி அலசி ஊற்றவேண்டும்: 10 சதவீத நைட்ரிக் அமிலம் ஒரே சொட்டு மிஞ்சினாலும் அரை லிட்டர் தூய மழைநீர் பி.எச். 4-க்குக் கீழே போய்விடும். மழைநீரில் அயனிகள் (கரைந்திருக்கும் மின்னூட்டத் துகள்கள்) குறைவு என்பதால் பி.எச். மீட்டரின் முள் அலைபாயும். பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்த்து, எலெக்ட்ரோடை நன்றாக அலசி, முதலில் கொஞ்சம் சாம்பிளில் நனைத்து அதைக் கொட்டிவிட்டு, புதுப் பங்கில் கலக்காமல் சில நிமிடம் வைத்துப் படிக்க வேண்டும். லிட்மஸ் தாள் இதற்கு உதவாது.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதாலேயே சுத்தமான மழையும் 5.6 காட்டும். அதற்குக் கீழே இறங்கினால் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சந்தேகிக்கலாம். நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயிலும் எரிந்தால் கந்தகம் வரும். டீசலில் அது பெரிதும் குறைந்துவிட்டது. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கும் எரிபொருளுக்குமான பி.எஸ்.-6 விதி வந்தபிறகு கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஆனால் தொப்பூர் கணவாயில் திணறி ஏறும் லாரியின் நைட்ரஜன் ஆக்சைடு எரிபொருளிலிருந்து வருவதில்லை. என்ஜின் சூட்டில் காற்றின் நைட்ரஜனே எரிந்து உண்டாவது அது. டீசலைச் சுத்தம் செய்தால் மட்டும் நிற்காது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோடைமழையின் முதல் சில மில்லிமீட்டர், மண்புழுதியிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து 6.5 காட்டும், அதனால் காற்று சுத்தம் என்று எழுதிவிடக்கூடாது. முதல் மழையைத் தனியாகவும் பின்மழையைத் தனியாகவும் பிடித்து, சல்பேட், நைட்ரேட், கால்சியம் மூன்றையும் பார்த்தால்தான் நடுநிலையாகிப்போன அமிலம் தெரியும்.

சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான் கல் கிடக்கும் நிலம் அமிலத்தைத் தாங்கும். சுண்ணாம்பில்லாத மலையோரச் சரளைமண்தான் கால்சியம், மக்னீசியத்தை இழக்கும், மண்ணின் பி.எச். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்கும், ஓடையில் சேர்ந்தால் மீனின் செவுளை அடைக்கும். கிருஷ்ணகிரி கருங்கல்லுக்கு அவ்வளவு சேதமில்லை. கோபுரத்துச் சுதையும் சுண்ணாம்புக் காரையும் ஜிப்சமாக மாறிப் பொரிந்து உதிரும். தோட்டத்துக்குச் சுண்ணாம்பு போடுவதை மழையின் பி.எச். பார்த்து முடிவு செய்யாதீர்கள், மண் பரிசோதனையைப் பார்த்துச் செய்யுங்கள்.