கவுனி அரிசி கொஞ்சம் காத்திருக்கட்டும்

காரைக்குடிக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து "ரசஞ்சோறு போதும்" என்றால் பரிமாறுகிறவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே! "ஒரு வெள்ளைப் பணியாரமாவது வச்சுக்கங்கண்ணே, காரச்சட்னி அருமையா இருக்கு" என்று நகராமல் நிற்பார். பணியாரம் சரி, அந்தச் சட்னிதான் எனக்கு ஆகாது.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உட்சுவரில் வரும் அழற்சி. காரம் தின்று வந்ததில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலோடு மல்லுக்கு நிற்கிறது. அதனால் வெறும் பத்தியத்தில் அடங்காது. அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரையை வயிறு நன்றாக இருக்கும்போதும் விடாமல் போட வேண்டும். நோய் முற்றினால் டாக்டர் ஸ்டீராய்டு தருவார். அவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது. அப்புறம், மூட்டுவலி என்று கடையில் புரூஃபென் வாங்கிப் போடாதீர்கள், குடலைக் கிளறிவிடலாம்.

ரத்தம் போகும் நாட்களில் குழைந்த வெள்ளைச் சோறு, தோல் சீவி வேகவைத்த காய், முட்டை. கவுனி அரிசியில் நார்ச்சத்து அதிகம். சத்து சத்து என்று அப்பத்தா எவ்வளவு சொன்னாலும் அப்போது தொடமாட்டேன். அடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பேன். உளுந்து மாவில் இனிப்பாகக் கிளறும் கும்மாயம் ஒத்துக்கொள்கிறது (நெய் அப்பத்தா கைக்கணக்கு!), சுண்டல் ஒத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு நேர்மாறாகவும் இருக்கலாம், எழுதி வைத்துப் பாருங்கள்.